போளை உருண்ட வீடு: மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் அயலில் வீடு வாங்கிய கதை

ஜேர்மனியின் ரூர் பகுதியில் பழைய வீடொன்று வாங்க எண்ணியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். டோட்முண்ட், எசன், கெல்சன்கிர்சன், பொட்ரொப், ஹம் என்று நாங்கள் செறிந்து வாழும் நகரங்கள் பலவும் நிலக்கரியால் வளர்ந்தவை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கரி நாம் வாங்கும் காணியின் உறுதிக்குள்ளும் இருக்கும் என்பதை எனக்கு முன்கூட்டியே சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதை நானாகவே அறிந்துகொள்வதற்குள் இரண்டரை ஆண்டுகள் போயின. 24,200 யூரோவும் போனது.

எங்கள் வீடு எசன் நகரின் வடபகுதியில், காட்டர்ன்பெர்க்கில் இருக்கிறது. மேல்மாடி யன்னலைத் திறந்தால் சொல்ஃபெரைன் சுரங்கத்தின் பன்னிரண்டாம் குழியின் கோபுரம் தெரியும். 55 மீற்றர் உயரத்தில், இரண்டு பக்கமும் கால்களை அகட்டி நிற்கும் அந்த இரும்புக் கோபுரத்தைப் படங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1932 இல் இயங்கத் தொடங்கிய அந்தக் குழியிலிருந்து நாளொன்றுக்கு 12,000 தொன் வரை கரி மேலே வந்தது. 1986 மார்கழி 23 ஆம் திகதி கடைசி வேலைமுறை முடிந்தது. இடித்து இரும்புக்கு விற்றிருக்க வேண்டிய அந்த இடத்தை மாநில அரசு வாங்கிப் பாதுகாத்தது. 2001 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நாங்கள் அந்தச் சுற்றாடலில் மயங்கியது பிள்ளைகளால்தான். கரியைச் சுட்டுக் கோக் என்ற உலை எரிபொருளாக்கிய பழைய சூளைகளின் நடுவே, இரண்டு கப்பற் கொள்கலன்களைப் பொருத்திச் செய்த சிறிய நீச்சற்குளம் ஒன்று உண்டு. 2001 இல் இரு கலைஞர்கள் அதை ஒரு கலைப்படைப்பாகவே செய்தார்கள். கோடை விடுமுறையில் கட்டணமின்றிக் குளிக்கலாம். மாரியில் அதே சூளை வரிசையின் ஓரமாக 150 மீற்றர் நீளத்துக்குப் பனிச்சறுக்குத் தடம் போடுவார்கள். கரி கழுவிய பெரிய கட்டடம் இப்போது ரூர் அருங்காட்சியகம். செம்மஞ்சள் ஒளி வீசும் நகரும் படிக்கட்டில் 24 மீற்றர் உயரத்துக்கு ஏறிப்போய், மேலிருந்து ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். கரியும் அப்படித்தான் முதலில் உச்சிக்கு ஏற்றப்பட்டுப் பின் தளந்தளமாக இறங்கியதாம். கொதிகலன் மண்டபம் வடிவமைப்பு அருங்காட்சியகமாகிவிட்டது. ஃபொல்க்வாங் கலைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையும் 2017 இல் அங்கே வந்தது. பல்கலைக்கழகம் வருகிறது, வெளிநாட்டவர் வருகிறார்கள், காணி விலை ஏறும் என்று நானும் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் பிழையில்லை. நான் நிலத்துக்கு மேலே இருப்பதை மட்டும் கணக்கில் எடுத்ததுதான் பிழை.

2017 ஆவணியில், பழைய தொழிலாளர் குடியிருப்பில் இரட்டை வீடொன்றின் ஒரு பாதி விலைக்கு வந்தது. முன்னால் சிறு முற்றம், பின்னால் நீண்ட வளவு, வளவின் கோடியில் செங்கல்லால் கட்டிய ஒரு கொட்டில். அந்தக் கொட்டிலில் முன்பு ஆடு கட்டியிருப்பார்கள் என்று முகவர் சொன்னார். சுரங்கத் தொழிலாளிக்கு மாடு வாங்க வசதியில்லாததால் இங்கே ஆட்டைத்தான் ‘சுரங்கத் தொழிலாளியின் பசு’ என்று அழைத்தார்களாம். ஊரில் ஆட்டுக் கொட்டிலோடு வளர்ந்தவனுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. விலை 189,000 யூரோ. அதன்மேல் இந்த மாநிலத்தில் காணி மாற்று வரி 6.5 வீதம், முகவருக்கு 3.57 வீதம், நொத்தாரிசுக்கும் பதிவுக்குமாக ஏறத்தாழ 2 வீதம் என்று 22,800 யூரோவுக்கு மேல் கையிலிருந்து போனது. இந்தச் செலவை வங்கி பெரும்பாலும் கடனாகத் தராது என்பதால் முதலிலேயே சேமித்து வைத்திருந்தோம். எதிர்பார்த்த செலவாகையால் அதில் எனக்கு மனக்குறை இல்லை.

வீட்டைப் பார்க்கப் போன நாளில் நான் செய்த முதலாவது தவறு, சுவரை மட்டும் பார்த்ததுதான். சுவர்கள் புதிதாகக் கடதாசி ஒட்டி வெள்ளையடிக்கப்பட்டிருந்தன. எங்கும் வெடிப்பு இல்லை. கதவுகளின் அடிப்பக்கத்தை நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், நிலத்தோடு உரசாமலிருக்க ஒவ்வொரு கதவின் கீழ்விளிம்பையும் ஒருபுறம் கூடுதலாகவும் மறுபுறம் குறைவாகவும் சீவியிருந்தது தெரிந்திருக்கும். குடிபுகுந்த பின் அந்தக் கதவுகளுள் ஒன்றைக் கழற்றி மேசைமேல் வைத்து அளந்தேன். ஓர் ஓரத்துக்கும் மற்ற ஓரத்துக்கும் பதினொரு மில்லிமீற்றர் வித்தியாசம். யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே சீவுளியால் மிகப் பொறுமையாகச் செய்த வேலை அது. வெட்டிய முகத்துக்கு வர்ணம்கூடப் பூசியிருந்தார்.

இரண்டாவது தவறு நொத்தாரிசின் அறையில் நடந்தது. இங்கே விற்பனை உறுதி முழுவதையும் நொத்தாரிசு உரக்க வாசித்தாக வேண்டும். அவர் பழக்கப்பட்ட வேகத்தில் வாசித்துக்கொண்டே போனார். காணிப் பதிவேட்டின் இரண்டாம் பிரிவில் இருப்பவை என்று சொல்லி, ‘பேர்க்ஷாடன்ஃபெர்ட்சிஷ்ட்’ என்று ஒரு நீளமான சொல்லை வாசித்தார். நான் பக்கத்திலிருந்த முகவரைப் பார்த்தேன். “இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் இருப்பதுதான்” என்று அவர் மெதுவாகச் சொன்னார். கையெழுத்திட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி வாங்குவதற்கே பங்குக் கிணறு யாருடையது, வழி வாய்க்கால் எங்கே போகிறது, ஈடு ஏதும் இருக்கிறதா என்று தோம்பு வரை தேடிப் பார்க்கும் பரம்பரையில் வந்தவன், இங்கே ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க வெட்கப்பட்டுக் கையெழுத்திட்டேன் என்பதை நினைக்க இன்றைக்கும் கூசுகிறது.

அந்தச் சொல்லின் பொருள், சுரங்கச் சேதத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமையைத் துறத்தல் என்பதாகும். அது பதிவேட்டில் ஏறிவிட்டால், எழுதிக்கொடுத்தவரை மட்டுமன்றிப் பின்னால் வாங்கும் ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்தும். முழுத் துறப்பும் உண்டு. வீட்டின் மதிப்புக் குறைவுக்கு மட்டும் நட்டஈடு கேட்பதில்லை, திருத்த வேலைக்குக் கேட்கலாம் என்ற பகுதித் துறப்பும் உண்டு. இரண்டுக்கும் இடையே பல்லாயிரம் யூரோ வித்தியாசம் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு வரிதான் இருக்கும்; விபரம் முழுவதும் அந்த வரி சுட்டும் பழைய உறுதியில் இருக்கும். ஆகவே பதிவேட்டுப் பிரதியை மட்டுமல்ல, அந்தப் பழைய உறுதியின் பிரதியையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்கி, மொழி தெரிந்த ஒருவரோடு இருந்து வாசியுங்கள். விற்பவர் வணிக நிறுவனமாக இருந்து வாங்குபவர் தனியாளாக இருந்தால் உறுதியின் வரைவு இரண்டு கிழமைக்கு முன்பே உங்கள் கைக்கு வரவேண்டும் என்பது சட்டம். தனியாட்களுக்கு இடையிலான விற்பனையில் அந்தக் காப்பு இல்லை. ஆனாலும் கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை.

வீடு சரிந்து நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மகள். 2018 வசந்த காலத்தில் ஊரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு பை நிறையப் போளை கொண்டுவந்திருந்தார். வரவேற்பறையின் நடுவே அவள் எந்தப் போளையை வைத்தாலும், அது சற்று யோசிப்பதுபோல நின்றுவிட்டுப் பின் மெல்ல உருண்டு ஒரே மூலைக்குப் போனது. பத்துப் போளை வைத்தாள். பத்தும் அங்கேதான் போயின. அது வடகிழக்கு மூலை. ஈசான மூலை தாழ்ந்திருப்பது வீட்டுக்கு நல்லது என்று அம்மா மிகவும் மகிழ்ந்துபோனார். நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அப்போதே நீர்மட்டக் கோலை வைத்து அளந்து எழுதிவைத்திருக்க வேண்டும்.

சிரிப்பு அந்த ஆண்டு மார்கழியில் நின்றது. 2018 மார்கழி 21 ஆம் திகதி பொட்ரொப்பில் புரோஸ்பர் ஹானியல் சுரங்கம் மூடப்பட்டது. ஜேர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் அது. கடைசிக் கரித்துண்டை ஜனாதிபதி ஸ்டைன்மையரிடம் கையளிக்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது நிலக்கீழ் அறையிலிருந்து துர்நாற்றம் வந்தது. இறங்கிப் பார்த்தால் கழிவுநீர் திரும்பி மேலேறி, தரையில் கணுக்கால் அளவுக்கு நின்றது. குளிரூட்டிப் பெட்டி, மூன்று மூட்டை அரிசி, பிள்ளைகளின் பழைய படங்கள் எல்லாம் அதற்குள். குழாய்க்குள் கமரா விட்டுப் பார்த்தவர், குழாயில் உடைவோ அடைப்போ இல்லை, வீடு சரிந்ததோடு குழாயும் சரிந்து, தெருப் பக்கம் ஓடவேண்டிய வாட்டம் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றார். அந்தக் கமராப் பரிசோதனைக்கு ஒரு சில நூறு யூரோதான் செலவு. வாங்குவதற்கு முன்பே அதைச் செய்யலாம். பழைய சுரங்கப் பகுதியில் வீடு பார்ப்பவர்கள் செலவைப் பாராமல் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான் என்று இன்று நினைக்கிறேன்.

வீட்டுக் காப்புறுதியிடம் போனேன். இயற்கை அனர்த்தக் காப்புறுதியும் சேர்த்து எடுத்திருந்ததால் நிலத்தாழ்வுக்குப் பணம் வருமென்று நம்பினேன். அந்தக் காப்புறுதியில் நிலத்தாழ்வு என்பது இயற்கையாக உண்டான குழிவின்மேல் நிலம் இறங்குவதையே குறிக்கும். மனிதர் தோண்டிய குழி அதற்குள் வராது. எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் பொதுவான விதி இதுதான். அதன்பின் அப்பகுதிச் சுரங்கத்துக்குப் பொறுப்பான நிறுவனத்துக்கு எழுதினேன். சட்டம் இந்த இடத்தில் உண்மையில் வீட்டுக்காரனின் பக்கம்தான் நிற்கிறது: நிலத்தடிச் சுரங்கத்தின் தாக்கம் உள்ள பகுதியில், சுரங்கத்தால் வரக்கூடிய வகையான சேதம் உண்டானால், அது சுரங்கத்தால் வந்ததாகவே கூட்டாட்சிச் சுரங்கச் சட்டத்தின் 120 ஆம் பிரிவு அனுமானிக்கிறது. சேதத்தை அறிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டுவிட வேண்டும். எனக்கு மூன்று மாதத்தில் பதில் வந்தது. மரியாதையான, ஒன்றரைப் பக்கக் கடிதம். எங்கள் வீட்டின் சரிவு 1989 இலேயே அளக்கப்பட்டு, அன்றைய உரிமையாளருக்கு நட்டஈடு பணமாகவே வழங்கப்பட்டு, அதற்கு ஈடாகத்தான் உரிமைத் துறப்பு பதிவேட்டில் ஏற்றப்பட்டதாம். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, வீட்டை நிமிர்த்தாமல், கதவுகளைச் சீவியிருக்கிறார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அவர் காலமாகிவிட்டிருந்தார். வீட்டை விற்றவர்கள் வேறு மாநிலத்தில் வாழும் அவருடைய பிள்ளைகள். விற்றவர் குறையை அறிந்து மறைத்திருந்தால், ‘கண்டபடியே வாங்கினேன்’ என்ற உறுதி வாசகம் அவரைக் காப்பாற்றாது என்று சட்டத்தரணி சொன்னார். ஆனால் அறிந்திருந்தார்கள் என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டும். சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் போன பிள்ளைகள் 1989 கடிதத்தைக் கண்டார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. விற்பவரிடம் முன்பே எழுத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்: இந்த வீட்டுக்குச் சுரங்கச் சேத நட்டஈடு எப்போதாவது பெறப்பட்டதா, எதற்காக, எவ்வளவு? பதில் பொய்யாக இருந்தால் அந்தக் கடிதமே உங்கள் ஆதாரம். அதோடு, விற்பவரின் சம்மதக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, பொறுப்பான நிறுவனத்திடமும் ஆர்ன்ஸ்பெர்க் மாவட்ட அரசாங்கத்தின் சுரங்கப் பிரிவிடமும் எழுத்தில் விசாரியுங்கள். இந்த மாநிலத்தின் பழைய சுரங்க வரைபடங்கள் அந்தப் பிரிவின் பொறுப்பில்தான் இருக்கின்றன. பதில் வரச் சில கிழமைகள் ஆகலாம், முகவர் அவசரப்படுத்துவார். என்னையும் அவசரப்படுத்தினார்.

சட்டத்தரணிக்கு 2,300, நிபுணர் அறிக்கைக்கு 1,900, கழிவுக் குழாயைத் தோண்டிப் புது வாட்டத்தில் புதைக்க 11,600, கீழ்த்தளத்தை மட்டமாக்க 8,400. நீரழுத்தப் பாரந்தூக்கிகளை அத்திவாரத்தின் கீழ் வைத்து வீட்டையே நிமிர்த்தும் முறையும் இங்கே உண்டு. ஆனால் எங்களுடையது இரட்டை வீடு. பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து வந்தால்தான் முடியும். அவர் வரவில்லை, அவருடைய பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். அவருடைய வீட்டுக் கதவுகளைக் குனிந்து பார்க்க எனக்கு மிகுந்த ஆவல்.

வழக்குப் பேச்சு முடிந்த பிறகுதான், முன்னாள் தொழிலாளி ஒருவர் வழிகாட்ட, சொல்ஃபெரைன் வளாகத்தை உண்மையில் சுற்றிப் பார்த்தேன். இங்கே சுரங்கத்தார் ஒருவரையொருவர் ‘கும்பெல்’ என்று அழைப்பார்கள். கூட்டாளி என்று பொருள். நம் ‘கும்பல்’ காதில் விழுவதால் முதலில் கேட்கும் எவருக்கும் சிரிப்பு வரும். என் வீட்டுக் கதையைச் சொன்னதும் அவர் வியப்படையவில்லை. கைக்குட்டையை இரு கையால் விரித்துப் பிடித்து, நடுவில் தீப்பெட்டி ஒன்றை வைத்துத் தாழ்த்திக் காட்டினார். கரிப்படையை எடுத்தபின் கூரை இடிந்து நிரம்ப, மேலே நிலம் ஒரு தட்டத்தைப்போலக் குழியும். தட்டத்தின் நடுவிலுள்ள வீடு நேராகவே கீழிறங்கும், விளிம்பிலுள்ள வீடுதான் சரியும் என்றார். நடுவிலிருந்தவர்கள் பல மீற்றர் இறங்கியும் ஒன்றும் உணர்வதில்லை. ரூர் பகுதியில் நிலம் சில இடங்களில் 25 மீற்றர் வரை தாழ்ந்திருக்கிறது. ஆழமான சுரங்கத்தில் கரி எடுப்பது நின்று சில ஆண்டுகளில் அசைவு பெரும்பாலும் அடங்கிவிடும்; எங்கள் வீடும் இனிச் சரியாது என்பதே நிபுணரின் கருத்து. மேற்பரப்புக்கு அண்மையில் தோண்டிய பழைய சுரங்கங்கள்தான் எப்போது வாய் திறக்கும் என்று சொல்ல முடியாதவை. 2000 தை மாதத்தில் போஹும் (Bochum) நகரின் வாட்டன்ஷைட் பகுதியில் அப்படித் திறந்த பள்ளம் வாகனக் கொட்டில்களையே விழுங்கியது. ரூர் ஆற்றோரத் தென்பகுதியில் வீடு பார்ப்பவர்கள் சரிவைவிட இதைத்தான் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

தாழ்ந்த நிலத்தில் தண்ணீர் சேரும். பம்பிகள் நின்றால் இந்தப் பிராந்தியத்தின் பெரும் பரப்பு ஏரியாகிவிடும் என்பதால், அவற்றை முடிவில்லாமல் இயக்கியாக வேண்டும். அதற்கு ஜேர்மானியர் வைத்த பெயரே ‘நித்தியச் செலவு’ என்பதுதான். சுரங்கப் பணத்தை முதலீடு செய்து அந்தச் செலவைக் கொடுப்பதற்கென்றே 2007 இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வடக்கே ஓடும் எம்ஷர் ஆறும் இதே கதைதான்: நிலம் அசைந்துகொண்டே இருந்ததால் நிலத்தடியில் கழிவுக்குழாய் பதிக்க முடியாமல், ஏறத்தாழ நூறாண்டுகள் அந்த ஆற்றையே திறந்த கழிவு வாய்க்காலாகப் பயன்படுத்தினார்கள். சுரங்கங்கள் அடங்கிய பின்தான் டோட்முண்டிலிருந்து டின்ஸ்லாகன் வரை 51 கிலோமீற்றர் நிலக்கீழ்க் குழாய் போட்டு, ஏறத்தாழ 550 கோடி யூரோ செலவில், 2021 முடிவில் ஆற்றைக் கழிவிலிருந்து விடுவித்தார்கள். ஒரு வீட்டின் குழாய்க்கு 11,600 கொடுத்தவனுக்கு இந்தத் தொகை பெரிதாகத் தெரியவில்லை.

அதே தண்ணீரை வைத்து இவர்கள் செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். வளாகத்தின் ஓரத்தில் யப்பானியக் கட்டடக்கலைஞர்கள் 2006 இல் எழுப்பிய வெள்ளைக் கனசதுரக் கட்டடம் இருக்கிறது. கொங்கிறீற்றுச் சுவர் மிக மெல்லியது, குளிருக்குத் தாங்காது. ஏறத்தாழ 1,000 மீற்றர் ஆழத்திலிருந்து எப்படியும் பம்பி வெளியே விட்ட சுரங்கநீர் இளஞ்சூடாக வந்தது. அந்தச் சூட்டைச் சுவருக்குள் பதித்த குழாய்களில் ஓடவிட்டுக் கட்டடத்தைக் கதகதப்பாக வைத்தார்கள். கும்பெல் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து, “கீழே நாங்கள் சட்டையில்லாமல் வேலை செய்தது இந்தச் சூட்டில்தான்” என்றார்.

வீட்டை விற்கவில்லை. விற்றால் இதையெல்லாம் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னபின் கிடைக்கும் குறைந்த விலைக்கு விற்கும் எண்ணம் இல்லை. உண்மையில், சரிவு இத்தனை மில்லிமீற்றர் என்று முன்பே தெரிந்திருந்தால் விலையில் பதினைந்தாயிரமாவது குறைத்துக் கேட்டு, இதே வீட்டைத்தான் வாங்கியிருப்பேன். மேல்மாடியை மட்டமாக்கவில்லை. அங்கே கட்டிலின் இரு கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்திருக்கிறோம்.

சென்ற மாதம் மச்சாளின் மகள் கெல்சன்கிர்சனில் ஒரு வீடு பார்க்கப் போனாள். கையில் ஒரு போளையும், பதிவேட்டின் இரண்டாம் பிரிவைக் கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதியும் கொடுத்தனுப்பினேன். பின்னேரம் அழைத்தாள். “மாமா, போளை அசையேல்லை. கதவடியும் பார்த்தன், நேராத்தான் இருக்கு” என்றாள். இரண்டாம் பிரிவு வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம் நேரம் எடுத்தாயிற்று என்றாள். நேரத்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன்.